பங்க் வேனுக்குள் ஒரு தமிழ்க் கேமரா... தெரியுமா?

'பங்க்' என்றால் திண்டுக்கல்காரருக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று, பைபாஸில் டீசல் போடும் பங்க். இன்னொன்று, தெருமுனையில் சிறுமலைப் பழம் தார் தாராகத் தொங்கும் பெட்டிக்கடை பங்க். மூன்றாவதாக ஒரு பங்க் இருக்கிறது, தெரியுமா? கிழிந்த ஜீன்ஸ், முள்ளு முள்ளாக நிற்கும் முடி, மூன்றே கார்டு (சுரக்கூட்டு), இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு, காது கிழியும் கிட்டார். அதுதான் பங்க் ராக்! எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வெடித்த வெடி.

தமிழில் எழுதினால் மூன்று பங்க்குக்கும் எழுத்து ஒன்றுதான். வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இன்னும் வேடிக்கை. ஊர் ஊராகப் போகும் ஒரு பங்க் குழுவின் நாளில் முக்கால்வாசி டீசல் பங்க்கிலும் பெட்டிக்கடை வாசலிலும்தான் கழிகிறது. மேடையில் நிற்பது ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் வேன், தூக்கம், பசி, சண்டை, காத்திருப்பு!

அந்த இருபத்து மூன்று மணி நேரத்தை வீட்டு வீடியோ கேமராவில் பிடித்து வைத்தவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்! தெரியுமா உங்களுக்கு?

அவரிடம் போவதற்கு முன்னால், இன்னொரு கேமராக்காரர் இருந்த பங்க் குழுவான ரமோன்ஸைப் பார்த்துவிடுவோம்.

ரமோன்ஸ் குழுவில் ஜோயி ரமோன், ஜானி ரமோன், டீ டீ ரமோன், டாமி ரமோன் என்று நாலு பேர். நம்மூரில் 'பிரதர்ஸ் ஆர்கெஸ்ட்ரா' என்று போர்டு மாட்டிக்கொள்வார்களே, அதே கதைதான். நாலு பேருக்குள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி உறவு கிடையாது! பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி ஆரம்ப காலத்தில் கொஞ்ச நாள் வைத்துக்கொண்ட 'பால் ரமோன்' என்ற புனைபெயரைச் சுட்டு, நாலு பேரும் குடும்பப் பெயராக மாட்டிக்கொண்டார்கள். 1976-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு ஆன செலவு வெறும் 6,400 டாலர். 14 பாட்டு. மொத்தம் 29 நிமிடம்! அந்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் கோல்டு சான்றிதழ் கிடைத்தது எப்போது தெரியுமா? 2014-ல். முப்பத்தெட்டு வருஷம் கழித்து. முதல் நாலு பேரில் அன்றைக்கு உயிரோடு இருந்தது டாமி ஒருவர்தான். அதே வருஷம் ஜூலையில் அவரும் போய்விட்டார்.

1974 முதல் 1996 வரை இவர்கள் நடத்திய கச்சேரிகள் 2,263! கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷமும் விடாமல், சராசரியாக மூன்றரை நாளைக்கு ஒரு கச்சேரி. நம்ம பங்குனி, சித்திரைத் திருவிழா சீசனில் எந்த ஆர்கெஸ்ட்ராவும் இந்த வேகத்தில் ஓடும். வருஷம் முழுக்க ஓடிய ஆட்கள் இவர்கள். ஓடியது பெரும்பாலும் ஒரே வேனில். அந்த வேனில் யார் எந்த சீட்டில் உட்காருவது என்பதுகூட முன்கூட்டியே முடிவானது. அதற்குள் இன்னொரு கூத்து. பாடகர் ஜோயியின் காதலி, கிட்டார் ஜானியின் பக்கம் போய், பின்னால் ஜானியையே கல்யாணமும் செய்துகொண்டார். அதற்கப்புறம் ஜோயியும் ஜானியும் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேன் ஒன்று, மேடை ஒன்று, குடும்பப் பெயரும் ஒன்று. பிறப்பால் அண்ணன் தம்பி இல்லை, பேசாமல் இருந்ததில் மட்டும் அசல் பங்காளிகள்!

இந்த வேனுக்குள் கேமராவோடு உட்கார்ந்திருந்தவர் மார்க்கி ரமோன். டிரம்ஸ் வாசித்தவர். 1978-ல் சேர்ந்து, 1983-ல் குடியால் வெளியே அனுப்பப்பட்டு, 1987-ல் திருந்தித் திரும்பி வந்தவர். அவர் தன் கையால் எடுத்து வைத்திருந்த வீடியோ குவியலைத் தொகுத்து 2004-ல் 'ரமோன்ஸ் ரா' என்று ஒரு படமே போட்டார்கள். 'ரா' என்றால் பச்சை. வேகவைக்காதது, தாளிக்காதது. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு!

டிரம்ஸ்காரர் ஏன் கேமரா எடுத்தார் என்று யோசித்தேன். இது என் ஊகம்தான். மேடையில் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர். முன்னால் நிற்பவர்களின் முதுகையே பார்த்துப் பார்த்துப் பழகியவர். முன்னால் நிற்பவன் கூட்டத்தைப் பார்க்கிறான். பின்னால் இருப்பவன் குழுவைப் பார்க்கிறான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். சித்தப்பா. தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுவில் தும்பாவும் டிரிபிள் காங்கோவும் வாசித்தார். யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவைக் கடன் வாங்கி, ஒரு சீசன் முழுக்க எடுத்துத் தள்ளியிருக்கிறார். அதைக் கேசட்டில் ஏற்றி, 'மாசித் திருவிழா, அழிக்கக் கூடாது' என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, பீரோவில் வைத்து, மாங்காய்ப் பூட்டும் போட்டிருந்தார். திண்டுக்கல் பூட்டு திருடனைத் தடுத்தது. ஈரத்தைத் தடுக்கவில்லை.

மூன்று மணி நேரக் கேசட். அதில் மேடை மொத்தமே நாற்பது நிமிடம் வந்தால் அதிகம். மீதி எல்லாம் என்ன தெரியுமா? நத்தம் ரோட்டில் வேன் பஞ்சராகி நிற்கிறது. பெண் குரல் பாடும் அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மடியில் ஃபிளாஸ்க்கோடு முன் சீட்டில் தூங்குகிறார். பேஸ் கிட்டார்காரர் ஸ்பீக்கர் பெட்டி மேல் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். வேடசந்தூர் பக்கம் ஒரு கடையில் இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா. சால்னாவை ஊற்ற ஊற்றக் கேமரா கண்ணாடியில் ஆவி படிகிறது. சித்தப்பாவின் கட்டைவிரல் வந்து துடைக்கிறது. துடைத்த இடத்தில் எண்ணெய்! அதற்கப்புறம் அந்த ராத்திரி முழுக்க எல்லோர் தலைக்குப் பின்னாலும் சாமி படத்தில் வருகிற மாதிரி ஒரு ஒளிவட்டம். நாற்பது தடவை பார்த்திருப்பேன். மேடைப் பாட்டில் ஒன்றுகூட நினைவில்லை. அந்தக் கட்டைவிரல் நினைவிருக்கிறது.

இப்போது அந்தத் தமிழ்ப் பெண்.

பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, சண்டைக்கு நடுவில் வளர்ந்து, இடையில் கொஞ்ச காலம் மெட்ராஸில் ஓட்டை வீடொன்றில் இருந்து, பதினோரு வயதளவில் அகதியாகத் திரும்ப லண்டன் போனவர். தகப்பனார் ஈழப் புரட்சி அமைப்பான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். அம்மா கலா தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்.

இந்தப் பெண் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது என்ன, இசையா? இல்லை, சினிமா! டாக்குமெண்டரி எடுப்பதுதான் ஆசை. அப்புறம் எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் பழக்கமானார். எலாஸ்டிகா எழுபதுகளின் பங்க்கை அப்படியே தொண்ணூறுகளுக்குத் தூக்கி வந்த குழு. எவ்வளவு அப்படியே என்றால், எழுபதுகளின் குழுக்களான ஸ்டிராங்லர்ஸும் வயரும் 'இது எங்க மெட்டு' என்று வழக்குக்கே வந்துவிட்டார்கள். கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்துச் சமாதானம் ஆனது. 1995-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பிரிட்டனில் நேராக முதலிடம்!

இரண்டாவது ஆல்பம் 'தி மெனஸ்' வர 2000 ஆகிவிட்டது. அதன் அட்டைப்படத்தைச் செய்தவர் நம்ம மாயா. அது மட்டுமா? அதையொட்டிய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை வீடியோவில் பதிவு செய்யவும் அவரையே கூட்டிப் போனார்கள். யோசித்துப் பாருங்கள்! யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று, கையில் வீடியோ கேமராவோடு, ஒரு பங்க் வாரிசுக் குழுவின் பஸ்ஸில் ஏறி, அமெரிக்காவில் ஊர் ஊராகப் போகிறது.

அந்தப் பயணத்தில் முதலில் மேடையேறிக் கூட்டத்தைச் சூடேற்றிவிட்டுப் போகும் வேலை பீச்சஸ் என்ற பாடகிக்கு. ஒரே ஆள், ஒரே மெஷின், குழுவே கிடையாது! அந்த மெஷின் ரோலண்ட் எம்.சி. 505. தாளமும் பேஸும் அதற்குள்ளேயே. நம்ம ரிதம் பாக்ஸுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்க வந்த மாயாவுக்கு அதைக் காட்டி, நீயும் வாசிக்கலாமே என்று தூண்டிவிட்டவர் அந்தப் பீச்சஸ்தான். மாயா 505-ஐக் கையில் எடுத்தார். 2003-ல் 'கலாங்' என்ற பாட்டு 500 பிரதி மட்டும் இசைத்தட்டாக வந்தது. ஐந்நூறே ஐந்நூறு! ஒரு கல்யாணப் பத்திரிகைகூட நம்மூரில் அதற்கு மேல் அடிப்பார்கள். அங்கிருந்துதான் 'எம்.ஐ.ஏ.' என்ற பெயர் உலகம் சுற்றக் கிளம்பியது. 2005-ல் அப்பா பெயரில் 'அருளர்' ஆல்பம், 2007-ல் அம்மா பெயரில் 'கலா', அப்புறம் 'மாயா', 2013-ல் 'மாதங்கி'. ரேஷன் கார்டில் உள்ள பெயர்களை வரிசையாக ஆல்பம் ஆக்கியவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

எலாஸ்டிகா 2001-ல் கலைந்தது. குழுவைப் படம் பிடிக்கப் போனவர் குழுவை விடப் பெரிய ஆள் ஆகிவிட்டார்.

இனித்தான் கதை நம்ம பக்கம் திரும்புகிறது. 'கலா' ஆல்பத்தில் 'பேர்ட் ஃபுளூ' என்று ஒரு பாட்டு. அதில் உறுமுவது என்ன தெரியுமா? உறுமியேதான்! மாயா சென்னைக்கு வந்து நம்ம உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். கோழி கொக்கரிப்பு, பிள்ளைகளின் கூச்சல், நடுவில் உறுமி (நாமக்கல்காரர்கள் பாட்டின் பெயருக்காகக் கோபிக்கக் கூடாது). தேவராட்டம் பார்த்தவர்களுக்கு உறுமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். மறுபக்கம் ஒல்லிக் குச்சியால் ஒரு தட்டு. மூன்று கார்டுகூட வேண்டாம், ஒரு கார்டும் வேண்டாம். பங்க் என்றால் அதுதானே பங்க்!

இன்னொன்று கேளுங்கள். அதே ஆல்பத்தின் முதல் பாட்டு 'பேம்பூ பாங்கா'. அதற்குள் ஒளிந்திருப்பது 1991-ல் வந்த 'தளபதி'யின் காட்டுக்குயிலு பாட்டு! இளையராஜா! அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடியில் ஓடுவது லண்டன் பங்க் குழுவான கிளாஷின் 1982 மெட்டு. 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-ல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசையும் பங்க் இசையும் ஒரே தட்டில்!

பண்ணைப்புரம் என்றதும் மனசு அடித்துக்கொள்கிறது. 1985 வரை திண்டுக்கல்லும் பண்ணைப்புரமும் ஒரே மதுரை மாவட்டம். அந்த மண்ணில் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிய ஒரு குழு இருந்தது. பாவலர் வரதராசன், கூடவே தம்பிகள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார்கள். தம்பிகளில் ஒருவரான ராசய்யாவுக்கு, அதாவது பின்னாளில் இளையராஜா ஆனவருக்கு, அப்போது பதினைந்து வயதுகூட ஆகவில்லை. 1968-ல் மெட்ராஸுக்குப் போகும் வரை சுமார் பத்து வருஷம் அண்ணன்மாரோடு ஆர்மோனியமும் கையுமாக அவர் சுற்றினார். யோசித்தால் அதுவும் பங்க்தான்! பெரிய மேடை இல்லை, கம்பெனி இல்லை, அதிகாரத்தை எதிர்த்துப் பாட்டு. அந்தப் பயணத்தில் ஒரு நிமிடப் படம்கூட என் கண்ணில் இதுவரை பட்டதில்லை. ஒரே ஒரு சுருள் இருந்திருந்தால்! எந்தத் திண்ணையில் படுத்தார்கள், யார் பெட்டியைச் சுமந்தார்கள், எந்த ஊரில் சோறு போட்டார்கள்...

அந்தக் காலத்தில் ஏது கேமரா என்பீர்கள். லண்டனிலும் எல்லோரிடமும் இல்லை. ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகன் டான் லெட்ஸ், 1977-ல் லண்டன் ராக்ஸி கிளப்பில் ரெக்கார்டு போடும் வேலையில் இருந்தார். அப்போது பங்க் ரெக்கார்டுகளே அவ்வளவாக வராததால் அவர் போட்டதெல்லாம் ரெகே பாட்டு! கையில் கிடைத்த ஒரு சூப்பர் 8 கேமராவில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். 1978-ல் அதுவே 'தி பங்க் ராக் மூவி' ஆனது. சூப்பர் 8 சுருள் ஒன்று 50 அடிதான். ஓடுவது மூன்று நிமிடம் இருபது வினாடி. நம்ம வித்வானை எடுக்கப் போனால் ஆலாபனை தொடங்கும் முன் சுருள் தீர்ந்துவிடும். பங்க் பாட்டோ இரண்டு நிமிடம், ஒரு சுருளுக்கு ஒன்றரைப் பாட்டு! அப்படியொரு பொருத்தம்.

1982-ல் யூத் பிரிகேட், சோஷியல் டிஸ்டார்ஷன் என்று இரண்டு கலிஃபோர்னியப் பங்க் குழுக்கள் ஒரு பழைய பள்ளிக்கூடப் பஸ்ஸை வாங்கி, அமெரிக்கா, கனடா என்று கிளம்பின. பஸ் என்ன செய்திருக்கும்? வாஷிங்டனில் படுத்துவிட்டது! அங்கே மைனர் திரெட் என்ற குழு தங்கியிருந்த வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். அத்தனையும் 'அனதர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்' படத்தில் இருக்கிறது. அதே வாஷிங்டனின் ஃபுகாசி குழுவை இயக்குநர் ஜெம் கோஹன் 1987 முதல் 1998 வரை பதினோரு வருஷம் தொடர்ந்து எடுத்து, 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று 115 நிமிடமாகச் சுருக்கினார். இந்தக் குழுவின் டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலராகத்தான் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரி செய்து, அதில் எண்ணூறுக்கு மேல் ஒலிப்பதிவாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்! பங்க்காரன் என்றால் எல்லாவற்றையும் போட்டு உடைப்பவன் என்று நினைத்திருந்தேன். நம்ம ஊர் சங்கங்களை விடச் சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கிறான்.

ஒரு சின்ன ஆச்சரியம். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. அதே 1985-ல் சோனியின் முதல் ஹேண்டிகேம் வந்தது. எடுக்க மட்டும்தான் முடியும், எடுத்ததை அதிலேயே போட்டுப் பார்க்க முடியாது! நம்ம ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் உயிராக நினைக்கும் ரோலண்டின் முதல் ஆக்டோபேடும் அதே 1985-தான். மாவட்டம், கேமரா, தாளம் மூன்றுக்கும் ஒரே பிறந்த வருஷம்!

மாயா எடுத்துச் சேர்த்த கேசட்டெல்லாம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எலாஸ்டிகாவோடு போன பயணம், 2001-ல் இலங்கைக்குப் போய்ச் சொந்தக்காரர்களை எடுத்தது, வீட்டுக்குள் அம்மாவும் அக்காவும் பேசியது என்று மணிக்கணக்கில், பெட்டி பெட்டியாக. அத்தனையையும் கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிஜ் கையில் கொடுத்துவிட்டார். நண்பர் வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். நடுவில் இசைக் கம்பெனியோடு மனஸ்தாபம், வேலையே வேண்டாம் என்று விட்டெறிந்தது, மறுபடி எடுத்தது. கடைசியில் 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.' என்ற படம் 2018 சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டுச் சிறப்பு நடுவர் விருதும் வாங்கியது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய கேசட் விருது வாங்குகிறது, தெரியுமா!

சித்தப்பாவின் கேசட் அதைவிடவும் பழசு. போன வருஷம் சி.டி.யில் ஏற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததைத் துடைக்காமல் அப்படியே பிளேயரில் சொருகிவிட்டார்கள். டேப் மடங்கி, கசங்கி, பரோட்டாக் கடைக்குக் கொஞ்சம் முன்னால் அறுந்தது. அந்தக் கட்டைவிரல் இனி எனக்குள் மட்டும்தான் ஓடும்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டுக்குள் சுமார் 250 மீட்டர் டேப் இருக்கிறது. பாலியஸ்டர் நாடா, அதன் மேல் பசை, பசையில் இரும்பு ஆக்சைடுத் துகள். ஈரம் பட்டால் பசை கெடும், பூஞ்சை வரும். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வெந்தால் இன்னும் சீக்கிரம். ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தால் உள்ளே இருக்கும் காந்தமே பாட்டைத் தின்றுவிடலாம். மேடைக்காரர்கள் வீட்டில் கேசட் எங்கே இருக்கும்? ஸ்பீக்கர் மேல்தான்! வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. டேப்பில் உள்ளதையெல்லாம் 2025-க்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2015-லேயே கெடு வைத்து எச்சரித்தது. கெடு முடிந்துவிட்டது.

நிலக்கோட்டையிலோ, வத்தலக்குண்டிலோ, ஒட்டன்சத்திரத்திலோ, பேகம்பூர் சந்திலோ, உங்கள் வீட்டிலும் ஒரு தும்பாக்கார மாமா இருந்திருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். கேசட் கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்து, அதன் சன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரம் கறுப்பாக, பளபளப்பாக இருந்தால் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். வெள்ளையாகத் தூள் தெரிந்தால் தயவுசெய்து பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு, அப்புறம் கையில் கொடுங்கள்.